முதல் கார்: சாவியை வாங்கும் முன் பிரீமியத்தைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 19 வயது. லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. எட்டு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கினால் அதைப் போல இரண்டு மடங்கு ஆகும். ஆனால் இன்சூரன்ஸ் விசாரித்தால் பழைய காருக்குத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஓட்டை வண்டிக்கு எதற்கு இவ்வளவு?

பதில்: காரின் விலையைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். இன்சூரன்ஸ்காரர் போடும் கணக்கு வேறு. இந்த ஆள் இந்த வண்டியைக் கொண்டுபோய் இடிக்க எவ்வளவு வாய்ப்பு, இடித்தால் நம் கையிலிருந்து எவ்வளவு போகும், அவ்வளவுதான். உங்கள் வண்டி காயலான் கடைக்குப் போனால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை; நீங்கள் இடித்த வண்டியும், அதில் இருந்தவரின் ஆஸ்பத்திரிச் செலவும், அவர் வேலைக்குப் போக முடியாமல் போனால் அதற்கான ஈடும்தான் அவரைப் பயமுறுத்துவது. அந்தத் தொகைக்கும் உங்கள் கார் என்ன விலை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

முதலில் உங்கள் வயது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் என்று கணக்குப் போட்டால், 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்குவது 20 வயதுக்கு மேற்பட்டவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நீங்கள் நன்றாகவே ஓட்டலாம். ஆனால் நான்கு மாத லைசென்ஸை வைத்து அதை யாரிடமும் நிரூபிக்க முடியாது, அதனால் உங்கள் வயதுக்காரர்கள் எல்லோருடைய கணக்கும் உங்கள் தலையில்.

அடுத்தது அந்த மாடலின் ஜாதகம். ஜெர்மனியில் ஒவ்வொரு மாடலும் உண்மையில் எவ்வளவு கிளெய்ம் வரவழைத்தது என்பதைப் பார்த்து ஆண்டுதோறும் வகுப்புப் பிரிக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில், அதாவது நீங்கள் இடித்தவருக்கு ஈடு கொடுக்கும் காப்பீட்டில், 10 முதல் 25 வரை வகுப்பு, எண் ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். பிரிட்டனில் பல ஆண்டுகளாக 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்துவந்தார்கள். உங்களுக்கு முன் அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் மரத்தில் மோதியதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். அநியாயம் என்று தோன்றலாம், ஆனால் இன்சூரன்ஸ் என்பதே அதுதான்.

ஆகவே காரை முடிவு செய்துவிட்டு இன்சூரன்ஸ் தேடாதீர்கள். மனதில் உள்ள நாலைந்து கார்களுக்கும் முதலில் கோட்டேஷன் வாங்குங்கள், அதுவும் இன்ஜின், வேரியன்ட் எல்லாம் சரியாகச் சொல்லி. ஒரே பெயரில் வரும் காரில் சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கும் டர்போவுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். வருடப் பிரீமியத்தை மூன்றால் பெருக்கி, கார் விலையோடு கூட்டிப் பாருங்கள். நல்ல விலைக்கு வருகிறது என்கிறீர்களே, அது எவ்வளவு நல்ல விலை என்று அப்போது தெரியும்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இல்லை, சாதாரணமான, விலை குறைந்த காரைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் பிரீமியம் எகிறுகிறதே?

பதில்: திருட்டைப் பற்றி விசாரித்தீர்களா? அமெரிக்காவில் விற்ற கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை, அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத அந்தச் சின்ன மின்னணுப் பூட்டு. எப்படித் திருடுவது என்று வீடியோ பரவியதும், வரிசையாகக் காணாமல் போக ஆரம்பித்தன, 2023-ல் சில காப்பீட்டு நிறுவனங்கள் சில ஊர்களில் அந்த மாடல்களுக்குப் புதுப் பாலிசியே கொடுக்க மறுத்தன. அடக்கமான குடும்பக் கார்கள்தான் அவை. அந்த ஒரு பாகம் இல்லாததுதான் வினை. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இம்மொபிலைசர் உண்டா, அலாரம் உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று ரிப்பேர் செலவு. முன்பெல்லாம் பம்பர் நசுங்கினால் பிளாஸ்டிக்கை மாற்றினால் முடிந்தது. இப்போது பம்பருக்குள் சென்சார், முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஹெட்லைட் எல்இடி என்றால் உடைந்ததை மட்டும் மாற்ற வழியில்லாமல் முழு யூனிட்டையே வாங்கவேண்டி வரலாம். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டி அடிவாங்கினால் ஒர்க்‌ஷாப்பில் கை வைக்கவே தயங்குகிறார்கள், சில சமயம் முழு நஷ்டம் என்று எழுதிவிடுகிறார்கள். தெருவுக்கு நாலு ஓடுகிற மாடலாக, ஸ்பேர் பார்ட்ஸ் தாராளமாகக் கிடைப்பதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. அபூர்வமான இறக்குமதிக் கார் இருபது வயதில் வேண்டாம், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கேள்வி: மகளுக்கு 21 வயது. அவள் ஓட்டப்போகும் காருக்குப் பாலிசியை என் பெயரில் எடுத்து, அவளைக் கூடுதல் ஓட்டுநர் என்று சேர்த்தால் நிறையக் குறைகிறது. எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள், அம்மா பெயரில் எடுத்தால் என்ன தப்பு?

பதில்: அந்தக் காரைப் பெரும்பாலும் ஓட்டுவது நீங்கள்தான் என்றால் ஒரு தப்பும் இல்லை. அவள்தான் தினமும் காலேஜுக்கு எடுத்துப்போகிறாள் என்றால் அது பொய். பிரிட்டனில் இதை மோசடி வழக்காகவே பார்ப்பார்கள். பிரீமியத்தை வாங்கிக்கொள்ளும்போது யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் அம்மா, விபத்து நடந்த பிறகுதான் கேள்விகள் வரும், அப்போது பாலிசி செல்லாது என்று கைவிரித்தால் மொத்தச் செலவும் உங்கள் வீட்டுத் தலையில்.

மாற்றிச் செய்யலாம். பாலிசி அவள் பெயரில், அனுபவமுள்ள நீங்கள் கூடுதல் ஓட்டுநர். நீங்களும் எப்போதாவது உண்மையிலேயே ஓட்டுவதாக இருந்தால் இதிலேயே பல இடங்களில் பிரீமியம் இறங்கும். கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் சேரும் போனஸும் அவள் பெயரில் சேரும், நாலு வருடம் கழித்து அதுதான் அவளுக்குச் சொத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த பிரீமியம் என்று துரத்திக்கொண்டு போய், இருப்பதிலேயே மிகச் சின்னக் காரில் முடித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) இளைஞர்களுக்கு ஏற்ற கார்களின் பட்டியல் ஒன்று வெளியிடுகிறது. அதில் சக்தி மிகுந்த கார்களையும் சேர்ப்பதில்லை, மினி கார்களையும் சேர்ப்பதில்லை, மோதலில் எடை குறைந்த வண்டிக்குள் இருப்பவருக்குத்தான் அடி அதிகம் என்பதால். சாதுவான இன்ஜின், நடுத்தர உடம்பு, வழுக்கும்போது வண்டியைத் தடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் இஎஸ்சி, தானாகப் பிரேக் போடும் வசதி. மகளுக்கு இப்படி ஒன்றைப் பாருங்கள்.

கேள்வி: அலாய் வீலும் சவுண்டு சைலன்சரும் போட்டால் பிரீமியம் ஏறுமா?

பதில்: ஏறலாம். சொல்லாமல் போட்டால் கிளெய்மே போகலாம்.

கேள்வி: எனக்கும் தங்கைக்கும் இரட்டைப் பிறப்பு போல ஒரே அனுபவம், ஒரே கார். ஆண் என்பதற்காக என்னிடம் அதிகம் கேட்கலாமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ல் கொடுத்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண் பெண் பார்த்துப் பிரீமியம் போடக்கூடாது. வேறு பல இடங்களில் இன்னும் பார்க்கிறார்கள், இளவயது ஆண்களின் கிளெய்ம் கணக்கைக் காட்டி. தங்கையிடம் கோபித்துப் பயனில்லை.

கேள்வி: காரில் ஒரு பெட்டி பொருத்தினால் தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: டெலிமேட்டிக்ஸ் என்பது அது. எவ்வளவு வேகம், எப்படிப் பிரேக் அடிக்கிறீர்கள், வளைவில் எப்படித் திருப்புகிறீர்கள், எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மதிப்பெண் போடும், சில நிறுவனங்கள் பெட்டிக்குப் பதில் போனிலேயே ஆப் போடச் சொல்கின்றன. வேவு பார்ப்பது போலத்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் கேள்வி கேட்ட தம்பி போல, நன்றாக ஓட்டுகிறேன் என்று காட்ட வேறு வழியில்லாதவருக்கு இதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. கையெழுத்துப் போடும் முன், மதிப்பெண் குறைந்தால் நடுவருடத்திலேயே பிரீமியத்தை ஏற்றுவார்களா, பாலிசியை ரத்து செய்வார்களா என்று கேளுங்கள். இரவு ஷிஃப்ட் வேலை என்றால் உங்களுக்கு இது சரிவராது, எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் நள்ளிரவுப் பயணத்துக்கே மதிப்பெண்ணைக் குறைக்கும் திட்டங்கள் உண்டு.