திரை அணைந்ததும் நின்றுபோகும் பால் கணக்கு

கேள்வி: அந்தியூர் வட்டாரத்தில் பால் கொள்முதல் செய்யும் ஒருவருக்காக ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். நிலையத்தில் பதியும் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவுகளை ஐந்து நிமிடத்துக்கொரு முறை சர்வருக்கு அனுப்புவதையும், பால் வண்டி செல்லும் இடத்தைக் காட்டுவதையும் ஒரே சர்வீஸ் (திரையின்றிப் பின்னணியில் ஓடும் செயலிப் பகுதி) கவனிக்கிறது. என் மேசையில் நாள் முழுவதும் ஓடும் செயலி, பர்கூர் மலைப்பாதையில் ஓட்டுநர் திரையை அணைத்த சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. தீர்வு உண்டா?

பதில்: உண்டு. மேசையில் அது ஓடியதற்கு, நீங்கள் செருகி வைத்திருந்த யுஎஸ்பி கேபிளும் ஒரு காரணமாக இருக்கலாம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சார்ஜில் இல்லாமல் திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசியை இயங்குதளம் டோஸ் என்னும் உறக்க நிலைக்கு அனுப்பிவிடுகிறது. கேபிளில் இருக்கும் கைபேசி அந்த நிலைக்குப் போவதேயில்லை. ஆனால் வண்டியில் நகரும் கைபேசியில் உங்கள் சர்வீஸ் நிற்பதற்கு முதன்மைக் காரணம் 2017-இன் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த கட்டுப்பாடு: செயலி கண்ணிலிருந்து மறைந்த சில நிமிடங்களில் அதன் சாதாரண சர்வீஸ்கள் நிறுத்தப்படும், இருப்பிடத் தகவலும் மணிக்குச் சில முறை மட்டுமே கிடைக்கும்.

இதை ஏமாற்றும் குறுக்குவழிகளைத் தேட வேண்டாம். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவற்றில் ஒன்று அடைபடுகிறது. உங்கள் சர்வீஸில் இயல்பிலேயே வேறான இரண்டு வேலைகள் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரியுங்கள்.

வண்டியைத் தொடர்வது, ஓட்டுநர் அறிய நடக்க வேண்டிய வேலை. அதற்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸே, அதாவது தான் ஓடுவதை அறிவிப்பாகப் பயனருக்குக் காட்டிக்கொண்டே இயங்கும் சர்வீஸே சரி. ‘பயணம் தொடங்கு’ என்ற பொத்தானை ஓட்டுநர் அழுத்தும்போது, அதாவது செயலி திரையில் இருக்கும்போதே, அதைத் தொடங்குங்கள். பின்னணியிலிருந்து தொடங்குவதை ஆண்ட்ராய்டு 12 சில விலக்குகள் தவிர்த்துத் தடுக்கிறது. சர்வீஸின் வகை லொகேஷன் (இருப்பிடம்) என்பதைச் செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் குறிப்பிட்டு, ஆண்ட்ராய்டு 14 கேட்கும் அந்த வகைக்குரிய அனுமதியையும் சேர்த்துவிடுங்கள். இப்படித் தொடங்கினால் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற இருப்பிட அனுமதியே போதும். பின்னணி இருப்பிட அனுமதிக்காகப் பிளே ஸ்டோரில் தனி விளக்கம் எழுதும் தொல்லையும் மிச்சம். வண்டி வந்து சேர்ந்ததும் சர்வீஸை நிறுத்த மறக்க வேண்டாம்.

பால் பதிவுகளை அனுப்புவது அப்படியல்ல. அது இந்த நிமிடமே நடக்க வேண்டியதில்லை, ஆனால் நடந்தே தீர வேண்டும். பதிவை முதலில் கைபேசியிலேயே ரூம் என்னும் நூலகம் வழியாகத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அனுப்பும் பொறுப்பைப் பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் ஒர்க்மேனேஜர் நூலகத்திடம் விடுங்கள். கைபேசி அணைந்து மீண்டாலும் அது வேலையை நினைவில் வைத்திருக்கும். ஐந்து நிமிடச் சுழற்சியை அது ஏற்காது, குறைந்தபட்சம் 15 நிமிடம். எனவே சுழற்சியைக் கைவிட்டு, ஒவ்வொரு பதிவும் சேமிக்கப்பட்டவுடன் நெட்வொர்க் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒருமுறை வேலையாக வரிசையில் சேர்ப்பதே நல்லது. மலைமேல் தாமரைக்கரையில் சிக்னல் இல்லாமல் பதிந்தது, வண்டி கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் போய்விடும். வேலைக்குத் தனிப்பெயர் வைக்கும்போது ‘கீப்’ (ஏற்கெனவே உள்ள வேலையையே வைத்துக்கொள்) கொள்கையைத் தேர்ந்தால், ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் சேர்ந்த பதிவு அடுத்த முறை வரை தேங்கக்கூடும் என்பதால் ‘அப்பெண்ட் ஆர் ரீபிளேஸ்’ (அதன் பின்னால் சேர், அது தோற்றிருந்தால் மாற்று) பொருத்தமானது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வேலை பாதியில் நிறுத்தப்பட்டு மீண்டும் ஓடலாம். சர்வர் பெற்றுக்கொண்ட பிறகும் பதில் வந்து சேராமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக வரவு வைக்காதபடி எழுதுங்கள். ஒரே கறவைக்கு இரண்டு வரவு ஏறினால் பட்டுவாடா நாளில் அதை யார் ஒப்புக்கொள்வார்?

சில கைபேசிகளில் நிறுவனமே சேர்த்திருக்கும் பேட்டரி சேமிப்பு, இவ்வளவு செய்தும் செயலியை நிறுத்தும். அதை நிரல் எழுதி முழுதாகத் தீர்க்க முடியாது. கைபேசிகள் உங்கள் வாடிக்கையாளர் கொடுத்தவை என்றால், ஒவ்வொன்றிலும் செயலி தானே தொடங்க விடும் ஆட்டோஸ்டார்ட் அமைப்பை இயக்கி, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுக் கையில் கொடுங்கள். அமைப்புகளில் ஃபோர்ஸ் ஸ்டாப் (கட்டாய நிறுத்தம்) செய்யப்பட்ட செயலி, யாராவது திறக்கும்வரை விழிக்காது என்பதையும் ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்த சோதனையில் கேபிளைக் கழற்றாமலே, கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவி வழியாக முதலில் ‘டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்’, பிறகு திரையை அணைத்து ‘டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்’ கட்டளைகளைக் கொடுத்தால், உறக்க நிலையை மேசையிலேயே பார்த்துவிடலாம். முடிந்ததும் ‘டம்ப்சிஸ் பேட்டரி ரீசெட்’ கொடுங்கள்; இல்லாவிட்டால் கைபேசி சார்ஜில் இல்லாதது போலவே காட்டிக்கொண்டிருக்கும்.