சீனிக்குப் பதில் போடும் பாக்கெட் ஏன் கலர் கலராக இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் போடாத தேநீர்) கேட்டால் சிலர் பையிலிருந்து ஒரு நீலப் பாக்கெட்டை எடுத்துக் கிழிப்பார்கள், அது ஈக்குவல். ஏன் நீலம் என்கிறீர்கள். கதை ரோஸ் கலர் பாக்கெட்டில் ஆரம்பிக்கிறது.

நியூயார்க் புரூக்ளினில் பெஞ்சமின் ஐசன்ஸ்டாட் என்பவர், மேசையில் திறந்து கிடக்கும் சீனிக் கிண்ணத்துக்குப் பதிலாகச் சின்னப் பாக்கெட்டில் சீனி அடைக்கலாம் என்று யோசித்து, அதை ஒரு பெரிய சீனிக் கம்பெனியிடம் காட்ட, அவர்கள் அவரைக் கழற்றிவிட்டுத் தாங்களே செய்துகொண்டார்கள். பாவம். 1957-இல் சாக்கரின் என்ற செயற்கை இனிப்புத் தூளை 'ஸ்வீட் அண்ட் லோ' என்று விற்றபோது உஷாராகிவிட்டார். வெள்ளைச் சீனிப் பாக்கெட்டுகளுக்கு நடுவே தனியாகத் தெரியத்தான் ரோஸ். என்னைக் கேட்டால் பாதி வியாபாரம் அந்தக் கலரால்தான்.

1977-இல் எலிச் சோதனையைக் காட்டி அமெரிக்காவில் சாக்கரினைத் தடைசெய்யப் பார்த்தார்கள், மக்கள் போட்ட சத்தத்தில் எச்சரிக்கை வாசகத்தோடு தப்பித்தது; 2000-இல் அந்த வாசகமும் போனது.

1982-இல் அஸ்பார்டேம் என்ற இன்னொரு செயற்கை இனிப்போடு வந்த ஈக்குவல், ரோஸோடு குழம்பாமலிருக்க நீலம் பிடித்தது. அப்புறம் சுக்ரலோஸ் என்ற மூன்றாவது இனிப்பைப் போட்ட ஸ்ப்ளெண்டா மஞ்சள். "சீனியிலிருந்து செய்தது" என்ற அதன் விளம்பரத்தை எதிர்த்து ஈக்குவல்காரர்கள் வழக்குப் போட்டு, 2007-இல் சமரசமானார்கள்.

சரி, ஒரு நீலப் பாக்கெட் இரண்டு தேக்கரண்டி சீனிக்குச் சமம். இனிப்புநீர் நோய் உள்ள எங்கள் அத்தை ஒரு கிளாஸுக்கு மூன்று போடுவார்.