தந்தத்தில் தெய்வப் படம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாட்டி டெல்லியில் வாங்கிய உள்ளங்கையளவு ராதாகிருஷ்ணர் படம் வீட்டில் இருக்கிறது. தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: ஊசியைக் கீழே வையுங்கள். தந்தம், எலும்பு இரண்டுமே முடி கருகிய வாடைதான் அடிக்கும். வித்தியாசம் தெரியாது, தழும்புதான் மிஞ்சும். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீயே பிடிக்கும்.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால், வண்ணம் படாத ஓரத்தைப் பாருங்கள். எலும்பென்றால் ரத்தக்குழாய்த் தடங்கள் கரும்புள்ளிகளாகவோ குட்டிக் கோடுகளாகவோ தெரியும். தந்தத்தில் அவை இல்லை. தந்தமென்றால் வலைபோலக் குறுக்குக் கோடுகள் இருக்குமென்று சொல்வார்கள். அது யானைக் கொம்பைக் குறுக்கே வெட்டினால்தான். ஓவியத்துக்கான தகட்டைப் பெரும்பாலும் நீளவாக்கில் அறுப்பார்கள். மெல்லிய, சற்றே நெளியும் வரிகள்தான் இருக்கும். அவை அச்சடித்தாற்போல ஒரே சீராக ஓடினால் பிளாஸ்டிக்.

கேள்வி: எங்கள் தந்தப் படம் வில்லாக வளைந்துவிட்டது. கண்ணன் முகத்தில் அழுக்கு. ஈரத்துணியால் துடைக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: துடைத்தால் அழுக்கோடு முகமும் போகும். பிசின் கலந்த நீர்வண்ணம் அது. காகிதம் வண்ணத்தை உறிஞ்சும். தந்தம் உறிஞ்சாது, வண்ணம் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஈரத்தூரிகையை அழுத்தி இழுத்தால் அடியில் பூசியது பெயர்ந்து வரும். அதனால்தான் ஓவியர்கள் முகத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தே நிழல் ஏற்றினார்கள். (உங்கள் ஊரிலும் 19-ஆம் நூற்றாண்டில் தந்தத்தில் வரைந்தவர்கள் உண்டு.)

வளைவுக்குக் காரணம் காற்றின் ஈரம். தகடு நார்வாக்கில் (வரிகள் ஓடும் திசையில்) குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் விரிந்து சுருங்கும். பின்னால் அட்டையோடு முழுக்க ஒட்டியிருந்தால் அசைய வழியின்றி நார்வாக்கில் விரிசல் விடும். கனமான புத்தகத்தை வைத்து நிமிர்த்தாதீர்கள், உடையும். வெயில், ஏசி காற்று, பூஜை விளக்கின் சூடு படாத இடத்தில், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்ட சட்டத்தில் வையுங்கள். வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: விற்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் நிறுத்திவிட்டன. பழம்பொருள் என்பதால் விலக்கு கிடைக்காது. வீட்டில் வைத்திருப்பதற்கே உரிமைச் சான்றிதழ் உண்டா என்று வனத்துறை கேட்கும். பழைய காகிதங்களைத் தேடி வையுங்கள். புதிதாக வாங்க ஆசையென்றால், ஜெய்ப்பூர், உதய்ப்பூர் ஓவியர்கள் இப்போது ஒட்டக எலும்பிலும் செயற்கைத் தகட்டிலும் வரைகிறார்கள். எதில் வரைந்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.