மகஜர் எழுத, மேடையில் பேச: நீலகிரி காவலர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஏட்டு, குன்னூர்: அய்யா, விபத்து வழக்குகளில் நான் எழுதும் பார்வை மகஜர் (சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் பதிவு) "இடம் தெளிவில்லை" என்று திரும்பி வருகிறது. எங்கே தவறு?

பதில்: "கல்லட்டிப் பாதையில் கொண்டை ஊசி வளைவு அருகே" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? அங்கே 36 வளைவுகள் இருக்கின்றன. முதலில் வளைவு எண். அடுத்து, நகராத ஒரு பொருள்: கிலோமீட்டர் கல், பாலத்துச் சுவர். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், அடுத்த மழைக்கே சாய்ந்துவிடலாம். அந்தக் கல்லிலிருந்து டயர் தடம் தொடங்கும் இடம், முடியும் இடம், வண்டி நிற்கும் இடம் மூன்றையும் டேப் வைத்து அளந்து மீட்டரில், திசையோடு எழுதுங்கள்.

"இடது பக்கம்" என்ற சொல்லே வேண்டாம். ஏறுகிறவருக்கு இடது, இறங்குகிறவருக்கு வலது. "மலைப் பக்கம்", "பள்ளத்துப் பக்கம்" என்றால் குழப்பமே வராது. "அதிவேகமாக வந்து மோதிய இடம்" என்றும் எழுதக் கூடாது. வேகத்தை நீங்கள் பார்க்கவில்லை, கேள்விப்பட்டீர்கள். கண்ணால் கண்டது மட்டுமே மகஜரில் வரலாம். சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் 12 மீட்டர், மகஜரில் 15 மீட்டர் என்றிருந்தால் குறுக்கு விசாரணையில் வழக்கே ஆட்டம் காணும்.

எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்), கோத்தகிரி: படுகர் மொழியான படுகு மட்டும் பேசும் பாட்டி வாய்மொழியாகப் புகார் தந்தால்?

பதில்: தமிழில் எழுதலாம். ஆனால் அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். மொழிபெயர்த்தவர் பெயர், முகவரியையும் குறிப்பிடுங்கள். "ஆபாசமாகத் திட்டினார்" என்று சுருக்காதீர்கள், திட்டிய சொற்களை அப்படியே எழுதுங்கள். நீதிமன்றம் அதைத்தான் கேட்கும். தாமதமாக வந்திருந்தால் காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், மறக்காமல் கொடுங்கள்.

காவலர், கூடலூர்: விசாரணையில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வேண்டுமா?

பதில்: கூடாது. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தடுக்கிறது.

பெண் காவலர், ஊட்டி: பள்ளியில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். குரல் நடுங்குகிறது.

பதில்: முதல் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள், நடுக்கம் அதற்குள் அடங்கும். மற்றதற்கு அட்டையில் ஐந்து சொற்கள் போதும். தாளைப் பார்த்துப் படித்தால் கடைசி பெஞ்ச் கவனிக்காது. சட்டப் பிரிவுகளை அடுக்காமல் ஒரே விஷயத்தை எடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே மூன்று முறை உரக்கச் சொல்லட்டும். "யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று கூட்டத்தில் கேட்கவே கேட்காதீர்கள். பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். சொல்ல வேண்டியிருக்கும் பிள்ளை அப்போதுதான் தனியாக வரும்.