கேள்விக்கு ஒரு பதில்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. பாடத்துக்கு நடுவில் எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளத்தில் பதிவு, வாட்ஸ்அப்பில் 'உடனே அனுப்பவும்' என்று புள்ளிவிவரம், பள்ளி விட்டதும் வாக்குச்சாவடி வேலை. சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டை நீட்டிய பையனிடம் எரிந்து விழுந்துவிட்டேன். ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், உங்களுக்குப் பிள்ளைகள் மேல் பிரியம் போய்விடவில்லை. கோபம் சர்வர் மேல். எதிரே நின்றது அந்தப் பையன். நாளைக்கே அவனைக் கூப்பிட்டு அந்த நோட்டைத் திருத்திக் கொடுங்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். அதில் தலையைத்தான் எண்ணுகிறார்கள், வகுப்புகளை எண்ணுவதில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பு, அதற்குள் பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தச் சொன்னால் யாருக்கும் மூச்சு முட்டும். இதை உங்கள் திறமைக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்குச்சாவடி வேலையைத் தட்ட முடியாது, சரி. மற்றதற்கு எழுத்தில் உத்தரவு கேளுங்கள்.

நானும் ஈராசிரியர் பள்ளியில் இருந்தவள்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து வகுப்பையும் மரத்தடியில் ஒன்றாக உட்கார வைப்போம். ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் பதிவேடுகளை முடிப்பார். மறுநாள் முறை மாறும். உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதைப் பேசிப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் வேலை நிச்சயம் குறையும்.

படபடப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோயாக அல்ல, வேலையோடு வரும் நிலையாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும்கூட நெஞ்சு படபடக்கும். டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனசு பாரமாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழில் பேசலாம்.

அப்புறம், தனியாக மனு எழுதாதீர்கள். ஒன்றியத்தில் உள்ள ஈராசிரியர் பள்ளிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் சேர்ந்து போங்கள். ராஜினாமாவைப் பற்றிக் கோடை விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு யோசிக்கலாம்.