1,652 மீட்டர்தானே என்று கிளம்பலாமா? டார்ங்காட் மலைகள் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: டொரோன்டோவில் வசிக்கிறேன். ராக்கி மலைகளில் 3,000 மீட்டர் வரை ஏறிய பழக்கம் உண்டு. கிழக்குக் கனடாவில், லாப்ரடாரின் வடமுனையில் உள்ள டார்ங்காட் மலைகளில் மிக உயர்ந்த சிகரமே 1,652 மீட்டர்தான். ஆகஸ்டில் நானும் நண்பரும் கூடாரத்தோடு, வழிகாட்டி இல்லாமல் போய்வரலாமா? இவை அப்பலாச்சியன் மலைகளின் தொடர்ச்சியா? பாறைகளில் ஆர்வம் உண்டு, மாதிரி எடுத்து வரலாமா?

பதில்: உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இங்கே ஏமாந்துபோவீர்கள். ராக்கி மலைகளில் பல நடைபாதைகள் தொடங்கும் இடமே 1,500 மீட்டருக்கு மேல்தான். அதுவரை காரே கொண்டுபோய் விட்டுவிடும். டார்ங்காட்டில் மலை கடலிலிருந்தே எழுகிறது. நாச்வாக், சாக்லெக் போன்ற ஃபியார்டுகளில் (பனியாறு அறுத்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த குறுகிய நீர்வழிகளில்) படகில் போனால் இருபுறமும் பல நூறு மீட்டருக்குப் பாறைச் சுவர்தான். சாலை இல்லை, மரமும் இல்லை. ஏறக்குறைய ஸ்டாக்ஹோமின் அட்சரேகைதான். ஆனால் கரையோரமாக இறங்கிவரும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டம் கோடையையும் நடுங்க வைக்கிறது. மூடுபனி வந்தால் விமானமும் ஹெலிகாப்டரும் நாள்கணக்கில் வராமல் போகலாம். உணவைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்பலாச்சியனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பக்கமாக வரும் அந்தத் தொடர் நியூஃபவுண்ட்லாந்து தீவோடு கனடாவில் முடிந்துவிடுகிறது. டார்ங்காட், கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறைப் பரப்பின் கிழக்கு விளிம்பு. சாக்லெக் பக்கத்து நைஸ் பாறைகளில் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறைகளில்) சில 380 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. உலகின் மிகப் பழைய பாறைகளின் வரிசையில் வருபவை. சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு பழைய நிலத்தட்டுகள் மோதியதில் இவை மறுபடி நசுங்கி மடிந்தன. அந்த மோதலில் எழுந்த மலை என்றோ தேய்ந்து போய்விட்டது. இன்று நாம் பார்க்கும் உயரம் மிகப் பிந்தியது. கிரீன்லாந்து பிரிந்து லாப்ரடார் கடல் திறந்ததை ஒட்டி நிலத்தின் கிழக்கு ஓரம் மேலே தூக்கப்பட்டது என்பதே பரவலான விளக்கம். அதனால்தான் மலைத்தொடர் கடல் பக்கம் செங்குத்தாக நிற்கிறது; மேற்கே உங்காவா விரிகுடாவை நோக்கி மெல்லச் சரிகிறது. பிறகு பனியாறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாக அறுத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பனியாறுகள் நிழலான மலைக்குடைவுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சுருங்கிக்கொண்டே.

நடப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் பல உச்சிகள் உண்மையில் உறைபனி பிளந்து போட்ட கற்களின் குவியல். காலடியில் ஆடும் அந்தக் கற்கள் மேல் ஒரு கிலோமீட்டர் நடப்பது ராக்கி நடைபாதையில் மூன்று கிலோமீட்டருக்குச் சமம் என்பேன். பாலமில்லாத ஆறுகளையும் இறங்கித்தான் கடக்க வேண்டும், அதுவும் மழை பெய்தால் ஒரு நாளுக்குள்ளேயே அவை பெருகி, கடக்க முடியாமல் போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் துருவக்கரடி. ஆகஸ்டில் கடற்பனி உருகிவிட்டதால் அவை கரைக்கு வந்திருக்கும், கூடாரம் போடத் தோதான கடலோரச் சமதளங்கள்தான் அவற்றுக்கும் வழி. கருங்கரடிகளும் உண்டு, காட்டை விட்டு இந்த மரமற்ற வெளியில் வாழப் பழகியவை. இந்த மலைகளில் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் உங்களைப் போன்ற பயணிகள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில், பயிற்சி பெற்ற கரடிக் காவலர்கள் கொண்டுபோகலாம். அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளும்படி பூங்கா நிர்வாகமே வலியுறுத்துகிறது. செலவு அதிகம்தான், ஆனாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவில் கூடாரத்தைச் சுற்றிக் கட்டச் சிறிய மின்வேலி, கரடி ஸ்ப்ரே, சாட்டிலைட் போன் மூன்றும் கட்டாயம்.

போகும் வழி: ஹாப்பி வேலி கூஸ் பே வரை விமானம், அங்கிருந்து தனி ஏற்பாட்டு விமானத்தில் சாக்லெக் ஓடுதளம், அப்புறம் படகில் நுனாட்சியாவுட் (லாப்ரடார் இனுயிட்டுகளின் தன்னாட்சிப் பகுதி) இனுயிட்டுகள் நடத்தும் அடிமுகாம். அது கோடையில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். முதல் தடவை என்றால் அந்த முகாமில் தங்கி, காவலரோடு பகல் நடைகளாகப் போய்வருவதே சரி.

மாதிரிக் கல் எடுத்துவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் பூங்காவிலிருந்து ஒரு கல்லும் எடுக்கக்கூடாது. ராமா விரிகுடாவின் சாம்பல்நிற, ஒளி ஊடுருவும் செர்ட் கல் (சிக்கிமுக்கிக் கல் போன்ற வகை) விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதில் அம்புமுனைகளும் கத்திகளும் செய்திருக்கிறார்கள், நியூ இங்கிலாந்து வரை அந்தக் கல் கிடைத்திருக்கிறது. சில்லு ஒன்று கண்ணில் பட்டால் அது தொல்பொருளாகவே இருக்கலாம். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.