தொடுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகன் பத்தாவது முடித்துவிட்டான். எலக்ட்ரீஷியன் படிக்க ஐ.டி.ஐ.யில் சேருகிறேன் என்கிறான். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. கொரோனா சமயத்தில் எங்கள் அம்மாவை 108-ல் ஏற்றிப் போனபோது கூட வந்த பெண்ணைப் பார்த்ததிலிருந்து, தானும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மைத்துனரோ, “தறிக்காரன் பிள்ளைகள் இன்னும் கையை நம்பித்தான் பிழைக்கணுமா? கடனை வாங்கியாவது இன்ஜினீயரிங் சேர்த்துவிடு” என்கிறார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம., சேலம்

அன்புள்ள ம.,

இரண்டு பேரையும் அவர்கள் கேட்கும் படிப்பிலேயே சேருங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்கியிருந்தேன். மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உயரமாக ஏறியிருக்கும். அதற்கு நீளமான அலுமினிய ஏணி. ஒருவர் ஏணியை நிமிர்த்தியபடியே அடுத்த மரத்துக்கு நகர்த்தும்போது, மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பியில் அது உரசிவிட்டது. மனிதர் அப்படியே சரிந்தார். ஏணி கம்பிமேல் சாய்ந்து நிற்கிறது, அதன் அடிப்பகுதி அவர்மேல் கிடக்கிறது. கூட வேலை செய்தவர்கள் நாலு பேரும் அவரை நோக்கித்தான் ஓடினார்கள். அவர் தம்பிதான் முதலில்.

அன்றைக்கு மோட்டார் பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். “தொடாதீங்க!” என்று அவன் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் அடிபட்டவரிடம் வரவில்லை. எதிர்ப்பக்கம் மேட்டில் ஏறி மெயின் போர்டுக்கு ஓடினான். மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். வந்தும் உடனே தொடவில்லை. டெஸ்டரை ஏணியில் வைத்துப் பார்த்தான். அப்புறம்தான் ஏணியைத் தள்ளினான்.

அடிபட்டவருக்கு மூச்சு இல்லை. பையன் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தான். மூச்சு திரும்பியது. உடனே எல்லோரும் அவரைத் தூக்கி ஜீப்பில் போடப் பார்த்தார்கள். நானும்தான் காலைப் பிடித்தேன். அந்த நேரத்தில் 108 வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண், “யாரும் தூக்காதீங்க, விழுந்த ஆள்” என்றார். அடிபட்டவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டி வந்த பைலட் கழுத்துக்குப் பட்டை போட்டார். பிறகு பலகையில் உருட்டி ஏற்றிக் கட்டினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சேலத்துக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். உள்ளங்கையில் பெரிய வடு இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் பாசமும் இருந்தது, தைரியமும் இருந்தது. அந்தத் தம்பி முதலில் போய்த் தொட்டிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும். அந்தக் கழுத்து எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் ஜீப்பில் போட்டிருந்தால், பிழைத்தவர் எழுந்து நடக்காமலே போயிருக்கலாம். தொடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த இரண்டு பேர் கைக்கும் தெரிந்திருந்தது. யோசித்துச் செய்ய அங்கே நேரமே இல்லை. நூறு தடவை செய்து பழகிய கைக்குத்தான் அந்த வரிசை தப்பாமல் வரும். கையை நம்பிப் பிழைப்பது என்று உங்கள் மைத்துனர் சொல்வது இதைத்தான் என்றால், அதில் குறைவாக நினைக்க என்ன இருக்கிறது?

சரி, மகன் விஷயம். எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாவது தேறியிருந்தால் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1000 ரூபாயும் உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். முடித்ததும் 1961-ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டப்படி மேட்டூர் அனல் மின் நிலையம், உருக்காலை போன்ற பெரிய இடங்களில் அப்ரென்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பயிற்சியைத் தவறவிட வேண்டாம். ஐ.டி.ஐ. சான்றிதழ் ஒன்று, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் தகுதிச் சான்று வேறு. சொந்தமாக வயரிங் வேலை எடுக்க நினைக்கும் பையன் இரண்டையும் வாங்க வேண்டும். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். இன்ஜினீயரிங் ஆசை பின்னால் வந்தால் கதவு மூடிவிடாது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் சேருவதற்கு முன் ஒரு வேலைநாளில் நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். வயரிங் பழகும் மரப்பலகை ஸ்க்ரூ தடத்தால் சல்லடையாக இருக்கிறதா? மோட்டார் காயில் சுற்றும் மேஜையில் பாதி வேலை கிடக்கிறதா? பலகை பளபளவென்று இருந்தால் அங்கே பிள்ளைகள் நோட்டில் படம் வரைகிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் வருடப் பையன் ஒருவனிடம், “எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு?” என்று கேளுங்கள். இரண்டும் மின்பலகையில் மாட்டும், தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்சுகள். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றும், அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். மனிதனைக் கொல்ல அவ்வளவு தேவையில்லை, ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பாற்றுவது. இதை அவன் தடுமாறாமல் சொன்னால் அங்கே வாத்தியார் இருக்கிறார். உங்கள் தறிக்கூடத்தில் அது மாட்டியிருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள்.

மகளுக்கு இரண்டு வழி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது, மூன்று வருடமும் அதன் மேல் ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சியும். கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று பார்த்துச் சேருங்கள். இன்னொரு வழி, நர்சிங்கோ டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோவோ உயிரியல் சார்ந்த பட்டமோ முடித்துவிட்டு 108-ல் மருத்துவ உதவியாளர் தேர்வுக்குப் போவது. தேர்வானவர்களுக்கு அவர்களே சுமார் 50 நாள் வகுப்பிலும் மருத்துவமனையிலும் வண்டியிலும் பயிற்சி தருவார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை அது. அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்துகிறது, ஆகவே அரசு வேலை என்று எண்ணிச் சேர வேண்டாம். 12 மணி நேர ஷிப்ட். பொங்கலும் தீபாவளியும் வண்டியில்தான் போகும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆறே மாதத்தில் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) சான்றிதழ் என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், எத்தனை இரவு நிற்க வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே இருக்கும் பயிற்சிப் பொம்மையையும் பாருங்கள். நெஞ்சுப் பக்கம் தேய்ந்து நிறம் போயிருக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் புதுசாக உட்கார்ந்திருக்கும் பொம்மையால் யாருக்கும் பயனில்லை.

பணம் கட்டுவதற்கு முன் செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பு ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகளையும் அனுப்புங்கள். மண்டியிட்டு, பொம்மையின் நெஞ்சை விடாமல் இரண்டு நிமிடம் அமுக்கச் சொல்வார்கள். முதல் நிமிடத்திலேயே தோள் கடுக்கும். முடித்துவிட்டு வந்து உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.